டயர் சைடுல வீங்கிருக்கு, ஆனா பட்டன் (ரோட்டுல படற டிசைன் பகுதி) நல்லாத்தான் இருக்கு. மாத்தியே ஆகணுமா?

திருச்சி டிசையர்:

வணக்கம் மக்களே, ஒரு அவசர டவுட்டு. 2019 டிசையர் பெட்ரோல், 38,000 கிமீ ஓடிருக்கு, வண்டியோட வந்த அதே டயர்தான் நாலும், சைஸ் 165/80 ஆர்14. போன வாரம் ராத்திரி நல்ல மழை, எங்க ஏரியாவுல குழாய் போட தோண்டிட்டு அரைகுறையா மூடுன பள்ளம் ஒண்ணு இருக்கு, தண்ணி நின்னதுல பள்ளம் இருக்கறதே தெரியல, முன்னாடி லெஃப்ட் வீல் டம்முனு இறங்கி ஏறுச்சு. இறங்கிப் பாத்தேன், காத்து இறங்கல, ஸ்டீயரிங்கும் ஒரு பக்கமா இழுக்கல, சரி தப்பிச்சோம்னு விட்டுட்டேன். இன்னைக்கு காலைல வண்டி கழுவும்போதுதான் கைல தட்டுப்பட்டுச்சு, டயர் சைடுல சைஸ் எழுதிருக்கற இடத்துக்கு பக்கத்துல, எலுமிச்சம்பழத்தை பாதியா வெட்டி கவுத்து வெச்ச மாதிரி ஒரு வீக்கம். வெடிப்பு கிடையாது, கீறல் கூட இல்ல, காத்தும் 31 காட்டுது.

பக்கத்துல பஞ்சர் கடை அண்ணன்கிட்ட காமிச்சேன், "பட்டன் பாதிக்கு மேல கிடக்கு சார், உள்ள ஒரு ட்யூப் போட்டு விட்டா இன்னும் பத்தாயிரம் ஓடும், 700 குடுங்க"ன்னார். அங்கிருந்து நேரா டயர் ஷோரூம் போனா அவங்க வீக்கத்தை குனிஞ்சு கூட பாக்கல, "ஆறு வருஷம் ஆச்சு சார், நாலையும் தூக்கிடுங்க"ங்கறாங்க, எஸ்டிமேட் 18,000 சொச்சம். ஒருத்தர் 700, ஒருத்தர் 18,000, நடுவுல நான் முழிச்சுட்டு நிக்கறேன். வர்ற சனிக்கிழமை அத்தை பொண்ணு கல்யாணத்துக்கு சென்னை போகணும், தாய்மாமன் சீர் எங்க வீட்டுல இருந்துதான் போகுது, அப்பா அம்மா வைஃப் பையன் எல்லாம் ஒரே வண்டில, டிக்கி ஃபுல். கல்யாண செலவு வேற ஏற்கனவே கழுத்து வரைக்கும் இருக்கு. போயிட்டு வந்து நிதானமா மாத்திக்கலாமா?

வைகைக்கரை:

அந்த வீலை முதல்ல கழட்டி ஓரமா வைங்க. ஸ்டெப்னியை மாட்டிட்டு வாங்க, அப்புறம் உக்காந்து பேசுவோம்.

ஹைவே எலி:

இப்படித்தான் எல்லாரும் பயமுறுத்துவாங்க பாஸ். என் பழைய வண்டில இதே மாதிரி சின்ன வீக்கம் வந்துச்சு, பின் வீலுக்கு மாத்தி போட்டு கிட்டத்தட்ட 4000 கிமீ ஓட்டினேன், ஒண்ணும் ஆகல. 80க்கு மேல போகாதீங்க, காத்தை ரெண்டு பாயிண்ட் கம்மியா வைங்க, தாராளமா போயிட்டு வரலாம். டயர் கடைக்காரன் டயர் நல்லாருக்குன்னு சொல்லி எங்கயாவது கேட்டிருக்கீங்களா?

கோயம்புத்தூர் டயர்கடை:

எலி தம்பி சொன்னதுல கடைசி வரி மட்டும் கரெக்ட்டுங்க, எங்க ஆளுங்க மேல அந்த பேரு இருக்கு, இல்லைங்கல. ஆனா காத்தை கம்மி பண்ணுங்கறது ரொம்ப தப்பான யோசனைங்க. 22 வருஷமா இதே பொழப்பு, அதனால கொஞ்சம் நீட்டி சொல்றேன், பொறுத்துக்குங்க.

எல்லாரும் பாக்கறது பட்டனை. பட்டன்ங்கறது ரோட்டை புடிக்கறதுக்கு, அவ்ளோதாங்க. வண்டி எடையை தாங்கறது உள்ள இருக்கற காத்தும், அந்த காத்தை கட்டி புடிச்சிருக்கற நூலும். பேச்சு வழக்குல கம்பி அறுந்துபோச்சுன்னு சொல்வோம், ஆனா கார் டயர்ல கம்பி பெல்ட் இருக்கறது பட்டனுக்கு அடியில, சைடுல பெரும்பாலும் பாலியெஸ்டர் நூல்தாங்க, இந்த ஓரத்துல இருந்து அந்த ஓரம் வரைக்கும் பாய் பின்னுன மாதிரி வரிசையா ஓடும். பள்ளத்துல வீல் இறங்கி எதிர் விளிம்புல மோதும்போது டயரோட சைடு ரெண்டா மடிஞ்சு, டிஸ்க் (டயர் மாட்டியிருக்கற உலோகச் சக்கரம்) விளிம்புக்கும் ரோட்டு விளிம்புக்கும் நடுவுல கதவு இடுக்குல விரல் மாட்டுன மாதிரி நசுங்குது. வெளிய ரப்பருக்கு ஒண்ணும் ஆகாது, அது இழுபடும். உள்ள நூல் இழுபடாது, அறுந்துடும். அறுந்த இடத்துல காத்தை தடுக்க வெறும் ரப்பர்தான் மிச்சம், அதான் பலூன் மாதிரி வெளிய தள்ளிட்டு நிக்குது. நீங்க எலுமிச்சம்பழம்னு சொன்னது அதுதாங்க. அது ஒட்டறதுக்கோ தைக்கறதுக்கோ கட்டுப்படாது, எந்த கம்பெனியும் சைடு வீக்கத்துக்கு ரிப்பேர் சொல்றதில்ல.

இப்ப ட்யூப் விஷயம். உங்க பஞ்சர் கடை அண்ணன் ஏமாத்தணும்னு சொல்லிருக்க மாட்டாருங்க, பழைய நைலான் டயர் காலத்துல இருந்து கைக்கு பழகுன வைத்தியம் அது. ஆனா ட்யூப்புக்கு காத்தை அடைச்சு வெக்கத்தான் தெரியும், எடை தாங்கத் தெரியாது. அறுந்த நூலு அறுந்ததுதான். வீக்கத்துக்குள்ள ட்யூப்பும் போயி புடைக்கும், ட்யூப்லெஸ் டயருக்குள்ள உரசி சூடாகும், ட்யூப் கிழிஞ்சா காத்து பொறுமையா இறங்காது, ஒரே மூச்சுல போயிரும். 700 ரூபா குடுத்து ஆபத்தை இன்னொரு சுத்து ஏத்திக்கிட்ட மாதிரி.

காத்தை குறைச்சா என்னாகும்ங்கறீங்களா, சைடு இன்னும் அதிகமா வளையும், சூடு ஏறும், அடுத்த பள்ளத்துல மறுபடி நசுங்கறதும் சுலபம். பாதி வீக்கம் எங்க கடைக்கு வர்றதே காத்து கம்மியா ஓட்டுன வண்டில தாங்க. டிரைவர் கதவை திறந்தா பில்லர்ல ஸ்டிக்கர் இருக்கும், ஃபுல் லோடுக்கு தனியா ஒரு அளவு போட்டிருப்பாங்க, அதை வைங்க.

ஒரே ஒரு விஷயம் மட்டும் உறுதி பண்ணிக்குங்க. கை வெச்சு தடவும்போது வெளிய மேடா இருக்கா, இல்ல உள்ள குழியா இருக்கா?

கணக்குப்புள்ள:

மேல அண்ணன் சொன்னதோட ஒரு சின்ன கணக்கு. 165/80 ஆர்14 டயரோட மொத்த உயரம் சுமார் 62 செமீ, ஒரு சுத்துக்கு 1.95 மீட்டர் கிட்ட போகும், அப்ப ஒரு கிலோமீட்டருக்கு 510 சுத்துக்கு மேல. 100ல போனா செகண்டுக்கு 14 தடவை அந்த வீங்குன இடம் ரோட்டுப் பக்கம் வந்து நசுங்கி நிமிருது. திருச்சி சென்னை 330 கிமீன்னா ஒரு வழிக்கே 1,70,000 தடவை, அதுவும் அஞ்சு பேர், டிக்கி ஃபுல் லோடு. எலி ப்ரோ 4000 கிமீ ஓட்டுனது அவர் நல்ல நேரம், அறுந்தது எத்தனை நூல்னு அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, வெளிய இருந்து யாராலயும் சொல்ல முடியாது.

இன்சூரன்ஸ் பக்கமும் சொல்லிடறேன், ரொம்ப ஆசை வெக்காதீங்க. சாதாரண காம்ப்ரிஹென்சிவ் பாலிசில டயர் மட்டும் அடிபட்டா காசு கிடையாது, அதே அடியில வண்டியோட வேற பாகமும் சேதமாகிருந்தாதான் டயர் விலையில 50 சதவீதம் வரைக்கும். டயருக்குன்னு தனி ஆட்-ஆன் எடுத்திருந்தா பாலிசி பேப்பரை எடுத்து பாருங்க, வீக்கம் பெரும்பாலும் அதுல வரும். ஆட்-ஆன் இல்லாம ஒரு டயருக்காக கிளெய்ம் போட்டு நோ கிளெய்ம் போனஸை விட்டுக்குடுக்கறது கட்டுப்படி ஆகாது.

திருச்சி டிசையர்:

எல்லாருக்கும் நன்றி. கோவை அண்ணே, மேடுதான், சந்தேகமே இல்ல. ஆனா நீங்க கேட்டதுல இன்னொரு பயம் புடிச்சுக்கிச்சு, மத்த டயரையும் தடவிப் பாத்தேன், பின்னாடி ரைட் டயர்ல மேல இருந்து கீழ ஒரு கோடு மாதிரி லேசா உள்வாங்கி இருக்கு, வெயில்ல சாய்ச்சு பாத்தாதான் தெரியுது. அதுவும் போச்சா?

அப்புறம் ஸ்டெப்னி எடுத்து பாத்தேன். புத்தம் புதுசு, டயர் முடி கூட உதிரல, ஒரு நாளும் மாட்டுனதே இல்ல. ஆனா காத்து வெறும் 14 தான் இருந்துச்சு, ஆறு வருஷமா நான் ஒரு தடவை கூட செக் பண்ணதில்ல, வெக்கமா இருக்கு. அதையே மாட்டிட்டு கல்யாணத்துக்கு போயிட்டு வந்துடலாமா?

கோயம்புத்தூர் டயர்கடை:

உள்வாங்குன கோட்டுக்கு பயப்படாதீங்க. அது ரேடியல் டயர் செய்யும்போது அந்த நூல் விரிப்போட ரெண்டு ஓரமும் ஒண்ணு மேல ஒண்ணு ஏறி சேர்ற இடம்ங்க. அங்க நூல் ரெட்டையா இருக்கறதால மத்த இடம் அளவுக்கு வெளிய தள்ளாது, குழி மாதிரி தெரியும். காத்து அதிகமா வெச்சா இன்னும் பளிச்சுனு தெரியும். மேடு வந்தா நூல் அறுந்துருக்கு, குழி வந்தா நூல் கூட இருக்கு, இந்த வித்தியாசம் தெரியாம நல்ல டயரை தூக்கிட்டு வந்து நிக்கறவங்க வாரத்துக்கு ஒருத்தராவது வருவாங்க. சில கடைல அதையே சாக்கா வெச்சு மாத்தியும் விட்டுடுவாங்க, என்னத்த சொல்ல.

ஸ்டெப்னி பத்தி. சைடுல டாட்னு ஆரம்பிக்கற எழுத்து வரிசை இருக்கும், அதோட கடைசில நாலு நம்பர், 1419னு இருந்தா 2019ல 14வது வாரம் செஞ்சது. சில டயர்ல அந்த நாலு நம்பர் ஒரு பக்கம் மட்டும்தான் இருக்கும், காணோம்னா உள்பக்கம் எட்டிப் பாருங்க. டயர் ஓடாம இருந்தாலும் வயசாகுங்க, ரப்பர் காஞ்சு போகும். அஞ்சு வருஷம் தாண்டுனா வருஷா வருஷம் பாக்கணும், எவ்ளோ நல்லாருந்தாலும் பத்து வருஷத்தோட ஏறக்கட்டிடணும், இதுதான் பொதுவா கம்பெனிங்க சொல்றது. உங்களுது டிக்கி இருட்டுக்குள்ள வெயில் படாம கிடந்தது, வெடிப்பு இல்லைன்னா ஊருக்குள்ள ஓட்ட தாராளமா ஆகும். ஹைவேல ஃபுல் லோடுல போறதுக்கு என் மனசு ஒப்பல. அதை விட முக்கியம், அதை மாட்டிட்டா உங்ககிட்ட ஸ்டெப்னியே இல்லாம போயிடும்ல? வீங்குனதை ஸ்டெப்னின்னு டிக்கில போட்டுட்டு போறது இருந்தும் இல்லாத மாதிரி தாங்க.

பொன்மலை:

நம்ம ஊர்க்காரர் போல. நான் ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி இதே ரூட்ல, தொழுதூர் தாண்டி வேப்பூருக்கு முன்னாடி, வீங்குன டயரோட போயி மாட்டுனவன். பின் வீல்தான், எலி ப்ரோ சொன்ன அதே வைத்தியம். 90ல போயிட்டு இருந்தேன், வெடிச்ச சத்தம் கூட பெருசா கேக்கல, ஏதோ லாரி டயர்னு நினைச்சேன், அதுக்குள்ள வண்டியோட பின்பக்கம் ஆட ஆரம்பிச்சிருச்சு, மீனு வாலை ஆட்டற மாதிரி. பிரேக்கை மிதிக்காம ஸ்டீயரிங்கை கெட்டியா புடிச்சுட்டு ஆக்ஸிலேட்டரை விட்டதால தப்பிச்சேன், அது என் மூளை இல்ல, பக்கத்துல இருந்த எங்க பெரியப்பா, பழைய லாரி டிரைவர், "பிரேக்கை தொடாத, தொடாத"ன்னு கத்துனார். ஓரம் கட்டி இறங்கிப் பாத்தா டயர் சைடு ரிப்பன் ரிப்பனா தொங்குது, பட்டன் மட்டும் புதுசு மாதிரி அப்படியே இருக்கு. டிஸ்க்கும் போச்சு, மட்கார்டு பிளாஸ்டிக்கும் போச்சு. டயருக்கு மிச்சம் புடிச்ச காசை விட மூணு மடங்கு ஆச்சு.

ஹைவே எலி:

சரி சரி, நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கறேன். ஆனா நாலும் மாத்தச் சொன்ன ஷோரூமையும் நம்பாதீங்க. ஒண்ணு போதும்.

கணக்குப்புள்ள:

ஒண்ணு போதுமா ரெண்டு வேணுமாங்கறதுதான் இங்க உண்மையான கேள்வி. பட்டன் ஆழம் அளந்தீங்களா? அளக்க கருவி இல்லைன்னா பட்டன் வரிசைக்கு நடுவுல இருக்கற பள்ளத்துல குறுக்க சின்ன சின்ன மேடு இருக்கும், அதோட உயரம் 1.6 மிமீ, பட்டன் தேஞ்சு அந்த மேட்டு மட்டத்துக்கு வந்துட்டா சட்டப்படியே அந்த டயர் ஓட்டக்கூடாது. புது டயர் ஏழெட்டு மிமீ இருக்கும். உங்களுது ஒரு நாலு மிமீ இருக்கும்னு வெச்சுக்குவோம். முன் வீல்ல ஒரு பக்கம் 8, ஒரு பக்கம் 4ன்னு போட்டா மழைல பிரேக் போடும்போது ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி புடிக்காது. அதனால ஒரே அச்சுல ஜோடியா இருக்கறது நல்லது. ரெண்டு வாங்குங்க.

வாங்குன ரெண்டையும் பின்னாடி போடுங்க. முன்னாடி இல்ல, பின்னாடி.

பொன்மலை:

இது புதுசா இருக்கே, எங்க ஆளு எல்லாம் புது டயரை முன்னாடி தான போடுவாங்க? இஞ்சின் இழுக்கறது முன் வீலு, திரும்பறது முன் வீலு, டயரும் அங்கதான் தேயுது.

கோயம்புத்தூர் டயர்கடை:

கணக்குப்புள்ள சொல்றது சரிங்க, இதை சொல்லி சொல்லி என் வாயே வலிச்சுப் போச்சு. மழைல தண்ணி தேங்குன வளைவுல முன் டயர் வழுக்குனா வண்டி திரும்பாம நேரா போகப் பாக்கும், பயந்து ஆக்ஸிலேட்டரை விட்டாலே வேகம் குறைஞ்சு பெரும்பாலும் புடிச்சுக்கும். பின் டயர் வழுக்குனா வண்டியே சுத்திடும், பழகுன டிரைவருக்கே சமாளிக்க கஷ்டம். பொன்மலை தம்பி அனுபவிச்சது டயர் வெடிச்சு, ஆனா அந்த வால் ஆட்டம் அதே ஆட்டம்தாங்க. பட்டன் அதிகம் இருக்கறது எப்பவும் பின்னாடி இருக்கட்டும்.

அப்ப கணக்கு இப்படி வருது: புதுசு ரெண்டு பின்னாடி, இப்ப பின்னாடி இருக்கற நல்ல ஜோடி முன்னாடி, இப்ப முன் ரைட்ல இருக்கறதை ஸ்டெப்னியா வெச்சுக்குங்க, இல்லைன்னா பழைய ஸ்டெப்னியையே வெச்சுக்குங்க, எது வயசுலயும் வெடிப்புலயும் தேவலையோ அது. அந்த முன் ரெண்டையும் அடுத்த வருஷம் மழைக்கு முன்னாடி மாத்திடுங்க, அப்ப ஆறரை ஏழு வருஷம் ஆகிருக்கும், ஷோரூம்காரன் சொன்னதுல அந்த அளவுக்கு நியாயம் உண்டு. வாங்கும்போது சைஸுக்கு பக்கத்துல 85டின்னு இருக்கும் பாருங்க, 85ன்னா ஒரு டயர் 515 கிலோ தாங்கும், டின்னா 190 வேகம் வரைக்கும். அதுக்கு கீழ உள்ளதை விலை கம்மின்னு வாங்கிடாதீங்க. செஞ்ச தேதி ஆறு மாசத்துக்குள்ள இருக்கறதா கேளுங்க. பில்லுல ஜிஎஸ்டி 18 சதவீதம்தான் இருக்கணும், 2025 செப்டம்பர் 22ல இருந்து 28 இல்ல, சிலர் பழைய விலை லிஸ்ட்டையே நீட்டுவாங்க.

இன்னொண்ணு, அடிபட்ட வீலோட டிஸ்க்கை பேலன்சிங் மெஷின்ல சுத்தவிட்டு ஆட்டம் இருக்கான்னு பாக்கச் சொல்லுங்க. அலைன்மென்ட்டும் பாத்துடுங்க, அந்த மாதிரி அடிச்சிருந்தா வீலை வண்டியோட சேர்த்துப் புடிச்சிருக்கற கீழ ஆர்ம் வளைஞ்சிருக்கவும் வாய்ப்பு இருக்கு.

திருச்சி டிசையர்:

அப்டேட். வேற கடைக்கு போனேன், ரெண்டு டயர் மாத்தியாச்சு, ஒண்ணு 4,300, அலைன்மென்ட் பேலன்சிங் எல்லாம் சேர்த்து பத்தாயிரத்துக்குள்ள முடிஞ்சுது. பின்னாடி போடுங்கன்னு சொன்னதுக்கு கடை பையன் என்னை ஒரு மாதிரி பாத்தான், நானும் கோயம்புத்தூர்ல பெரியவர் ஒருத்தர் சொல்லிருக்கார்னு சொல்லிட்டேன். டிஸ்க் உள் விளிம்புல லேசா ஒரு நெளிசல், தட்டி எடுத்துட்டாங்க, இரும்பு டிஸ்க்குங்கறதால தப்பிச்சுது, அலாய்னா அதுக்கும் தண்டம் அழுதிருக்கணும்னாங்க.

கழட்டுன டயரை உள்பக்கம் டார்ச் அடிச்சு பாத்தேன். வெளிய எலுமிச்சம்பழம் அளவுதான், உள்ள கை விட்டு தடவுனா ஒரு சாண் நீளத்துக்கு ரப்பர் லைனிங் சுருங்கி கோடா நிக்குது, அதுக்கு அடியில நூல் பிசிறு பிசிறா கையில தட்டுது, பழைய பாய் ஓரம் பிரிஞ்ச மாதிரி. அதை தொட்டுப் பாத்த அப்புறம் எனக்கு கொஞ்ச நேரம் பேச்சே வரல, ஏன்னா அடிபட்ட நாளுக்கும் இன்னைக்கும் நடுவுல பையனை ஸ்கூல்ல விட தினம் அந்த டயர்லதான் போயிட்டு வந்தேன்.

கடைசியா ஒரு கேள்வி. கடைக்காரர் அந்த வீங்குன டயருக்கு 250 தர்றேங்கறார். குடுத்துடலாமா, இல்ல மாடில செடி வெக்க ஆகும்னு வைஃப் கேக்கறா.

வைகைக்கரை:

மாடில போட்டா மழைத்தண்ணி தேங்கி டெங்கு கொசுவுக்கு நர்சரி ஆயிடும், வேண்டாம்.

கோயம்புத்தூர் டயர்கடை:

குடுங்க, ஆனா அப்படியே குடுக்காதீங்க. பட்டன் பாதி இருக்குல்ல, வீக்கத்துக்கு உள்ள ஒரு பேட்ச் ஒட்டி, வெளிய கருப்பு பாலிஷ் போட்டு, செகண்ட் ஹேண்ட் டயருன்னு இன்னொருத்தன் வண்டிக்கு ஏறிடும். கத்தி கேட்டு வாங்கி வீங்குன இடத்துலயே ஒரு கோடு நல்லா ஆழமா இழுத்துட்டு குடுங்க.

திருச்சி டிசையர்:

இழுத்துட்டேன் அண்ணே. 250 இப்ப 60 ஆயிடுச்சு. கடைக்காரர் மூஞ்சி போன போக்கை பாத்தா நீங்க சொன்னது சரிதான்னு தோணுது. அந்த 60க்கு பையன் பப்ஸ் வாங்கித் தின்னுட்டான். சனிக்கிழமை காலைல அஞ்சு மணிக்கு கிளம்பறோம், ஸ்டெப்னில காத்து 35 வெச்சிருக்கேன்.